முற்றத்து முருங்கையும் கடைப் போத்தலும்

கடந்த மாதம் கிளிநொச்சியில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். 1977 கலவரத்தோடு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம். அலுமாரியில் ஒரு போத்தல் இருந்தது. பழமும் மரக்கறியும் அடைத்த மாத்திரையாம். கச்சான் பிடுங்கி அக்கா சேர்த்த பல நாள் கூலி அதில் போயிருந்தது. முற்றத்து முருங்கையோ பறிப்பாரின்றி நின்றது. நமது லயங்களுக்கும் இப்படியான போத்தல்கள் வருவதால் இதை எழுதுகிறேன்.

விழுங்குவதெல்லாம் உடம்பில் சேர்வதில்லை. குடற்சுவரைக் கடந்து உள்ளே போவதே சேரும். கீரை, பப்பாசி, பூசணி, கரட் ஆகியவற்றிலுள்ள கரோட்டின் கொழுப்பில் கரைவது. மாத்திரையில் இருந்தாலும், வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினால் சரிவரச் சேராது. முருங்கையிலையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால், வேகும்போது இலை இளகிக் கரோட்டின் வெளிவரும். பாலின் கொழுப்பு அதை உடம்பில் சேர்க்கும்.

இரும்புச்சத்தின் கதை வேறு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு இலகுவில் சேராது. தேசிக்காய்ப்புளியும் கொய்யாவும் அதற்கு உதவும். தடுப்பது நாம் பறிக்கும் கொழுந்துதான்! தேத்தண்ணியின் துவர்ப்பு, இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரத்தசோகையுள்ள தாய்மார் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மாத்திரை நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாது என்பாரும் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடியிருந்தது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இலவசமாகத் தரும் இரும்பு, போலிக் அமில மாத்திரைகள் அவசியமானவை. அவற்றை நிறுத்தவே கூடாது. தேத்தண்ணியோடு விழுங்கவும் கூடாது.

ஆனால் "கீரை சாப்பிடு" என்று தொழிலாளிக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதுமா? வன்னி உறவுகளுக்கு முற்றமாவது இருக்கிறது. லயத்துக் குடும்பம் முருங்கையை எங்கே நடும்? 7 பேர்ச் காணியில் வீடு எழும்பிய பின் மிஞ்சுவது எவ்வளவு? வீட்டுத்தோட்டத்துக்கும் சேர்த்துக் காணி கேட்பது நம் உரிமை. அதுவரை, உழைத்த கூலியைப் போத்தலுக்குக் கொடுக்காதீர்கள், தோழர்களே. அந்தக் காசுக்குக் கீரையும் தேங்காயும் தேசிக்காயும் வாங்குங்கள்.