நகரசபைகளுக்கு அயல்நாட்டில் ஆபீஸ் எதற்கு?

டில்லியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் இல்லம் இருக்கிறது. அங்கே ரெஸிடெண்ட் கமிஷனர் என்று ஓர் அதிகாரி அமர்ந்து, மத்திய இலாகாக்களில் தம் மாநிலத்தின் ஃபைல் எந்த மேஜையில் நிற்கிறது என்று பார்த்து வருகிறார். தலைநகரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இது தெரிந்த விஷயம். மாநிலம் செய்வதை ஒரு நகரசபை செய்தால் எப்படி இருக்கும்? அதுவும் சொந்த நாட்டின் தலைநகரில் அல்லாமல் வேறொரு நாட்டின் தலைநகரில்?

பிரிட்டனில் பர்மிங்ஹாம் நகரசபை 1984-ல் அதைத்தான் செய்தது. பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் தனக்கென ஓர் அலுவலகம் திறந்தது. பிரிட்டிஷ் ஸ்தல ஸ்தாபனங்களில் அதுவே முதல். பின்னர் அண்டை நகரசபைகளும் கூட்டுச் சேர்ந்து, மேற்கு மிட்லண்ட்ஸ் வட்டாரத்தின் பெயரில் அங்கே பொது அலுவலகம் நடத்தின. இன்று ஐரோப்பாவின் பல நாடுகளைச் சேர்ந்த நகரங்களும் மாவட்டங்களும் மாநிலங்களும் பிரஸ்ஸல்ஸில் வைத்திருக்கும் அலுவலகங்கள் சுமார் 300. அவற்றில் பல, பங்கு போட்டு நடத்தப்படுபவை.

பிரஸ்ஸல்ஸில் அப்படி என்ன இருக்கிறது? ஐரோப்பிய யூனியனின் நிர்வாக பீடமான ஐரோப்பியக் கமிஷன் அங்கேதான் இருக்கிறது. அங்கத்தினர் நாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் சட்டங்களின் நகல் அங்கேதான் தயாராகிறது. நலிந்த பிரதேசங்களுக்கு ஐரோப்பிய நிதி எவ்வளவு, எந்த விதிப்படி என்பதும் அங்கேதான் உருவாகிறது. சட்டத்தை நிறைவேற்றும் சபைகளில் நாடுகளின் மந்திரிகளும், ஐரோப்பிய நாடாளுமன்ற அங்கத்தினர்களும் உட்காருகிறார்கள். நகரசபைக்கு நாற்காலி கிடையாது. ஆனால் நிறைவேறிய சட்டத்தைத் தெருவில் அமல் நடத்துகிற பொறுப்பில் பெரும்பகுதி நகரசபையின் தலையில் விழுகிறது.

குப்பை விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். மக்கும் குப்பையைப் பள்ளத்தில் கொட்டி மூடும் வழக்கத்தைக் குறைக்க ஐரோப்பிய யூனியன் 1999-ல் ஒரு கட்டளை பிறப்பித்தது. 1995-ல் எவ்வளவு மக்கும் நகரக் குப்பை சேர்ந்ததோ, அதில் 35 சதவீதத்துக்கு மேல் பள்ளத்துக்குப் போகக் கூடாது என்பது இறுதி இலக்கு. பள்ளங்களையே பெரிதும் நம்பியிருந்த பிரிட்டனுக்கு நான்கு ஆண்டு சலுகை கிடைத்து, கெடு 2020 ஆயிற்று. ஒப்புக்கொண்டது லண்டன் சர்க்கார். வண்டி ஓட்டிக் குப்பை அள்ளுவது நகரசபை. அளவுக்கு மேல் கொட்டப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் 150 பவுண்டு அபராதம் என்று இங்கிலாந்தில் 2005-ல் ஏற்பாடு வந்தது. 2011-ல் இன்னொரு சட்டமும் வந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் நாட்டுக்கு அபராதம் விதித்தால், தவறுக்குக் காரணமான ஸ்தல ஸ்தாபனத்திடமே அதை வசூலிக்க மந்திரிக்கு அது அதிகாரம் தந்தது. அதாவது, பேச்சு வார்த்தையில் இடமில்லாதவன் பில்லுக்கு மட்டும் பொறுப்பாளி. இந்த நிலையில் நகரசபை பிரஸ்ஸல்ஸில் ஆள் வைப்பதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

ஆள் வைத்தால் என்ன கிடைக்கும்? ஓட்டு கிடைக்காது. முன்கூட்டியே சேதி கிடைக்கும். ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. ஃபைலில் முதல் குறிப்பு எழுதுகிற நிலையில் ஒரு வார்த்தை சொன்னால் அது ஏறும். கையெழுத்தாகி உத்தரவாக வந்த பிறகு மேலதிகாரியின் வாசலில் தவம் கிடந்தாலும் ஓர் எழுத்து மாறாது. பிரஸ்ஸல்ஸ் அலுவலகத்தின் வேலை பெரும்பாலும் இதுதான்: எந்த இலாகாவில் எந்த நகல் எழுதப்படுகிறது என்று தெரிந்துகொள்வது, எழுதுகிறவரிடம் தங்கள் ஊரின் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டுவது, ஊருக்குக் கடிதம் எழுதி எச்சரிப்பது.

பணமும் உண்டு. மார்கரெட் தாட்சரின் சர்க்கார் நகரசபைகளின் செலவுக்குக் கடிவாளம் போட்ட காலம் அது. வரி விதிக்கும் உரிமைக்கே உச்சவரம்பு வைக்கும் சட்டம் 1984-ல்தான் வந்தது. மோட்டார் தொழில் சரிந்து வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த பர்மிங்ஹாம், லண்டனில் கதவு சாத்தியிருக்கக் கண்டு பிரஸ்ஸல்ஸ் கதவைத் தட்டியது. 1991-ல் திறக்கப்பட்ட அதன் சர்வதேச மாநாட்டு மண்டபத்துக்கு ஐரோப்பிய நிதியிலிருந்து வந்த மானியம் ஏறக்குறைய 5 கோடி பவுண்டு. மறு ஆண்டு அக்டோபரில் ஐரோப்பியத் தலைவர்களின் உச்சி மாநாடே அந்த மண்டபத்தில் நடந்தது.

ஸ்தல ஸ்தாபனங்கள் ஒன்று சேர்ந்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நிலக்கரிப் பிரதேசங்களின் கதை நல்ல அத்தாட்சி. 1984–85-ல் நடந்த சுரங்கத் தொழிலாளர்களின் நீண்ட வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சுரங்கத்தைத் தவிர வேறு பிழைப்பில்லாத ஊர்களின் மன்றங்கள் 1985-ல் ஒரு கூட்டமைப்பு கண்டன. தங்கள் பிரதேசங்களுக்கென்று தனித் திட்டம் வேண்டும் என்று பிரஸ்ஸல்ஸிடம் விடாமல் வாதாடின. 1989 முடிவில் ஐரோப்பியக் கமிஷன் ‘ரேச்சார்’ என்ற திட்டத்தை அறிவித்தது.

அங்கேதான் சிக்கல் பிறந்தது. ஐரோப்பியப் பணம் ஓர் ஊருக்கு வந்தால், அந்த அளவுக்குத் தன் ஒதுக்கீட்டில் கழித்துக்கொள்வது பிரிட்டிஷ் நிதி இலாகாவின் பழக்கம். ஒரு கையால் வாங்கி மறு கையால் பிடுங்குவதற்கு ஒப்பான இதை ஐரோப்பிய விதிகள் அனுமதிக்கவில்லை. உதவி என்பது கூடுதலாகச் சேர வேண்டும். பிரதேச வளர்ச்சிக்குப் பொறுப்பான கமிஷனர் புரூஸ் மில்லன் பிரிட்டனுக்குரிய ரேச்சார் பணத்தை நிறுத்தி வைத்தார். இவர் ஸ்காட்லாந்துக்காரர், முன்பு லண்டனில் தொழிற்கட்சி மந்திரியாக இருந்தவர். நகரசபைகள் தங்கள் சொந்த சர்க்காருக்கு எதிராக மில்லன் பக்கம் நின்றன. தங்களுக்கு வர வேண்டிய பணத்தைத் தடுத்தவரையே ஆதரிப்பதென்றால் எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்! 1992 பிப்ரவரியில் லண்டன் இறங்கி வந்தது. ஏப்ரலில் பொதுத் தேர்தல் காத்திருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதைக் கண்டு மத்திய சர்க்கார்கள் முகம் சுளிப்பது இயல்பு. வெளிவிவகாரம் தங்கள் ஏகபோகம் என்பது அவற்றின் கட்சி. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர மாநிலமும் பக்கத்து ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனும் சேர்ந்து பிரஸ்ஸல்ஸில் ஒரே அலுவலகம் நடத்துகின்றன. 1985-ல் தொடங்கிய இதற்கு, பழைய வணிக நகரங்களின் சங்கத்தை நினைவூட்டும் ‘ஹன்ஸே ஆபீஸ்’ என்று பெயர். மாநிலங்கள் தனித் தூதராலயம் வைப்பதா என்று மத்திய சர்க்கார் முணுமுணுத்த காலம் உண்டு. 1993-ல் வந்த ஜெர்மன் சட்டம் இத்தகைய அலுவலகங்களை அனுமதித்தது. அதே மூச்சில், தூதராலய அந்தஸ்து கிடையாது என்றும் எழுதி வைத்தது. வசதி படைத்த பவேரியா தனியாகவே ஒரு மாளிகையை வாங்கி 2004-ல் குடியேறி, ‘கோட்டை கட்டிவிட்டார்கள்’ என்ற கேலிக்கு ஆளாயிற்று.

ஜப்பானின் வழி வேறு. அங்கே மாநில, நகர நிர்வாகங்கள் அனைத்துக்கும் பொதுவாக 1988-ல் ஒரு ஸ்தாபனம் அமைத்து, நியூயார்க், லண்டன், பாரிஸ், சிங்கப்பூர் முதலிய இடங்களில் கிளை வைத்திருக்கிறார்கள். பரிவர்த்தனையும் தகவலும் அதன் வேலை. யாருடைய சட்டத்தையும் மாற்ற அது முயல்வதில்லை. அதனால் டோக்கியோவுக்கு அதன்மேல் சந்தேகமும் இல்லை.

வாடகையையும் ஆள் சம்பளத்தையும் பகிர்ந்தால் செலவு குறையும் என்பதில் சந்தேகமில்லை. சின்ன ஊர் மன்றத்துக்குப் பிரஸ்ஸல்ஸில் தனி அறை கட்டுப்படியாகாது. கூட்டு ஒன்றுதான் வழி. ஆனால் அறையைப் பகிர்வதுபோல் நலனைப் பகிர முடியுமா? குப்பை விதி கடுமையானால் எல்லா ஊரும் ஒரே குரலில் பேசும். எந்த வட்டாரத்துக்கு நிதி, எதற்கு இல்லை என்று கோடு கிழிக்கும்போது, ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள் போட்டியாளர்களாகிவிடுவார்கள். ஹன்ஸே ஆபீஸின் பங்காளிகளையே பாருங்கள். பெரிய கப்பல்கள் வர எல்பே நதியை ஆழப்படுத்த வேண்டும் என்பது துறைமுக நகரான ஹாம்பர்க்கின் பல ஆண்டுக் கோரிக்கை. நதியின் கீழ்க்கரையில் இருக்கும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் வெள்ளத் தடுப்புக் கரைகள் என்னாகும் என்ற கவலை. அதன் சம்மதம் 2012-ல்தான் கிடைத்தது. அத்தகைய விவகாரத்தில் பொது அலுவலகத்தில் இருப்பவர் யாருக்காகப் பேசுவார்? வாயை மூடிக்கொண்டிருப்பதே அவருக்குப் புத்திசாலித்தனம். வரி செலுத்துவோர் கேட்க வேண்டிய கேள்வி, கவுன்சிலர்கள் எத்தனை முறை விமானம் ஏறினார்கள் என்பது மட்டுமல்ல. எந்த விஷயங்களில் அலுவலகம் மௌனம் சாதித்தது என்பதையும் கேட்க வேண்டும்.

நகரங்களுக்கும் பிரதேசங்களுக்கும் குரல் வேண்டும் என்று ஐரோப்பிய யூனியனே 1994-ல் ஒரு பிரதேசக் கமிட்டியைக் கூட்டியது. அதன் கருத்தைக் கேட்க வேண்டும். ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அலுவலகங்கள் அதற்குப் பின்னும் பெருகினவே தவிரக் குறையவில்லை.

நகரசபையின் வெளிநாட்டுக் கதவு எவ்வளவு மெல்லியது என்பதை 2016 ஜூன் மாத வாக்கெடுப்பு காட்டியது. பிரிட்டன் யூனியனைவிட்டு வெளியேற முடிவு செய்தது. கிளாஸ்கோவும் மான்செஸ்டரும் இருக்கவே விரும்பி வாக்களித்தன. முதல் அலுவலகம் திறந்த பர்மிங்ஹாமில் வெளியேறுவதற்கு ஆதரவு 50.4 சதவீதம்! 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் வெளியேறியதும் பிரதேசக் கமிட்டியில் அதன் 24 இடங்கள் மறைந்தன. 350 ஆக இருந்த கமிட்டி 329 ஆயிற்று.

ஐரோப்பிய நிதிக்குப் பதிலாக லண்டன் 2022-ல் 260 கோடி பவுண்டில் சொந்த நிதி ஒன்றை அறிவித்தது. மூன்று நிதியாண்டுகளுக்கான அந்தத் தொகையில் எந்த ஊருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டதும் லண்டன்தான். அந்தக் கணக்கில் குறை கண்ட மன்றம் முறையிட வேண்டிய இடமும் அதே லண்டன் இலாகாதான். பணத்தை நிறுத்தி வைத்து வாதாட மில்லனைப்போல் ஒருவர் வெளியே இல்லை.