பாதி வண்டி மட்டும் பளபளத்தால் என்ன குறை?



எங்கள் வீட்டு வண்டி 2009-இல் பி.எஃப். கடன் எடுத்து வாங்கிய மாருதி 800. 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து இன்னும் ஓட்டுகிறேன். வீட்டம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்தபின் பிசியோதெரபிக்குப் போய்வருவது இதில்தான். "வித்திருங்கப்பா" என்கிறான் மகன். எனக்கு மனசில்லை. ஆகவே அதைப் பேண வேண்டியது என் பொறுப்பு.

"பாலிஷ், வாக்ஸ் எல்லாம் ஒரே நாள்ல முடிக்கணும் சாரே. இல்லேன்னா தொடாதீங்க" என்றார் பக்கத்து வீட்டுத் தம்பி. எனக்குக் கிடைப்பதோ காலையில் முக்கால் மணி நேரம். அவள் காப்பி குடித்துவிட்டுப் பேப்பர் படிக்கும் நேரம் அது. பிறகு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். முழு நாள் வரும் வரும் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். வரவில்லை. காக்கை எச்சம் விழுந்த இடமெல்லாம் பெயிண்டில் தழும்பாகிப்போனதுதான் மிச்சம்.

போன வருடம் வேலையைப் பிரித்துச் செய்தேன். பிரித்த விதம் தப்பு. முதல் வாரம் வண்டி முழுக்கப் பாலிஷ், அடுத்த வாரம் முழுக்க வாக்ஸ் என்று திட்டம். பாலிஷ் முடிந்தது, அவளுக்குக் காய்ச்சல் வந்தது, வாக்ஸ் மூன்று வாரம் தள்ளிப்போனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாலிஷும் வாக்ஸும் ஒன்றல்ல. பாலிஷ் என்பது மிக நுண்ணிய உரசுபொருள். கீறலைப் போக்க மேற்பரப்பையே கொஞ்சம் சீவுகிறது. பழைய வாக்ஸையும் எடுத்துவிடும். வாக்ஸ்தான் மேலே போடும் போர்வை. பாலிஷோடு நிறுத்தினால் வண்டியைக் குளிப்பாட்டித் துணி உடுத்தாமல் மழையில் நிறுத்தியது போல. ஒரு பக்கம் கடலின் உப்புக்காற்று, இன்னொரு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றோடு வரும் புழுதி, போதாததற்கு வருடத்துக்கு இரண்டு பருவமழை. நம் ஊர் சும்மா விடுமா?

ஆகவே என் கருத்து: வேலையைப் பிரிக்காதீர்கள், வண்டியைப் பிரியுங்கள். மூன்றாம் வகுப்பில் எல்லா வாய்ப்பாட்டிலும் முதல் ஐந்து வரியை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இரண்டாம் வாய்ப்பாட்டை முழுசாக முடித்துத்தான் மூன்றுக்குப் போவோம்.

இந்த வருடம் செய்வது இப்படி. முதல் நாள் வண்டி முழுக்க ஷாம்பு போட்டுக் கழுவித் துடைப்பது மட்டும். அடுத்த நாள் பானட். வெயிலும் மழையும் நேராக விழும் இடம் என்பதால் அதுதான் முதலில். பிறகு கூரை, டிக்கி, இடப்பக்கக் கதவுகள், வலப்பக்கக் கதவுகள். அன்றைய பகுதியை மட்டும் மறுபடி ஈரத்துணியால் துடைத்துக் காயவைப்பேன். ஒரு மணல் துகள் இருந்தாலும் பாலிஷ் துணி உப்புத்தாள் ஆகிவிடும். தகரம் சூடேறும் முன், நிழலில், இரண்டடிக்கு இரண்டடியாகப் பாலிஷ். துடைத்ததும் அங்கேயே மெல்லிசாக வாக்ஸ். வெளுத்துக் காய்ந்தபின் சுத்தமான துணியால் துடைத்தால் அந்தப் பகுதி முடிந்தது. எங்கே நிறுத்தினேன் என்று காலண்டரில் குறித்துவைப்பேன். நடுவில் பத்து நாள் தடைபட்டாலும் முடித்தது முடித்ததுதான்.

வாக்ஸை மாதங்கள் கழித்து மறுபடி போடலாம். பாலிஷை அடிக்கடி போடக் கூடாது. இப்போதைய வண்டிகளில் மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு தலைமுடியைவிட மெல்லியது. தேய்த்தது திரும்ப வராது.

இன்னொரு செய்தி. கார் வாக்ஸில் பெயர்பெற்ற கார்னாபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் மெழுகு. வறட்சியில் தன் ஈரத்தைக் காக்க அந்த மரம் ஓலைமேல் பூசிக்கொள்வது. ஓலையைக் காயவைத்துத் தட்டி எடுக்கிறார்கள். பனையை நம்பி வாழ்ந்த மாவட்டத்துக்காரனான எனக்கு இதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது.

நேற்றுவரை பானட், கூரை, டிக்கி முடிந்தன. கதவுகள் பாக்கி. மருத்துவமனை வாசலில் ஒருவர், "என்ன சார், பாதிதான் மினுங்குது?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். ஐப்பசி மழை வருவதற்குள் கதவுகளும் முடிந்துவிடும்.

வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு முழு நாள் என்று ஒன்று கிடையாது. முக்கால் மணி நேரம்தான் உண்டு. அதில் முடிகிற அளவுக்கு வேலையை எடுங்கள். எடுத்ததை முடித்துவிட்டு எழுந்திருங்கள்.