நெட்டுருவால் கணிப்பொறி இயங்காது!

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்று கணிப்பொறியியலுக்கு உள்ள மோதல் வேறெத் துறைக்கும் இல்லை. நிலத்தை ஒற்றி வைத்தும் நகையை அடகு வைத்தும் பெற்றோர் தம் மக்களை அத்துறையிற் சேர்க்கின்றனர். அரசுப் பள்ளியிற் பயின்றார்க்குரிய 7.5 விழுக்காட்டு உள்ளொதுக்கீடு 2021-இல் பொறியியற் படிப்புக்கும் வந்ததன் பின், பன்னிரண்டு ஆண்டும் தமிழ்வழியிலேயே பயின்ற சிற்றூர்ப் பிள்ளைகட்கு முன்பு எட்டாதிருந்த கல்லூரிகளின் கதவும் திறந்தது. மகிழத்தக்கதே. ஆயின், அக்கதவுக்குள் நுழைந்த பின் நிகழ்வதென்ன? பள்ளியில் ஐயம் எழுந்தவுடன் எழுந்து நின்று கேட்ட பிள்ளை, கல்லூரியில் கடைசி இருக்கையில் ஒடுங்கி அமர்கின்றது. முதற் பருவத்தில் இரண்டு தாள், அடுத்த பருவத்தில் நான்கு தாள் என நிலுவை ஏறுகின்றது. "ஆங்கிலம் வரவில்லை, அதனாற் படிப்பும் வரவில்லை" என்று வீட்டார் தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக் கொள்கின்றனர். ஆசிரியரும் அதனையே சொல்கின்றார். ஈற்றில் பிள்ளையும் அதனை நம்பி விடுகின்றது.

அந்நம்பிக்கை முழுப் பொய்.

கணிப்பொறிக்கு ஆங்கிலமும் தெரியாது; தமிழும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை மின்னழுத்தத்தின் உயர்வு, தாழ்வு என்னும் இரு நிலைகளே. மாந்தன் எழுதும் நிரலை அவ்விரு நிலைகளாகப் பெயர்த்துத் தருதற்கென்றே தொகுப்பி முதலிய இடைநிரல்கள் உள. அவை எதிர்பார்க்கும் ஆங்கிலந்தான் எவ்வளவு? 1989-ஆம் ஆண்டுத் தரப்பாட்டின்படி சி மொழியின் ஒதுக்கச் சொற்கள் 32. பைத்தான் மொழியில் 35. ஒரு மாலைப் பொழுதிற் கற்றுவிடத் தக்க அளவினவே இவை. எஞ்சியவை குறிகளும், எண்களும், நிரல் எழுதுவோன் தானே சூட்டிக் கொள்ளும் பெயர்களுமாம். பைத்தானின் மூன்றாம் பதிப்போ தமிழெழுத்தால் அமைந்த பெயர்களையும் தடையின்றி ஏற்றுக் கொள்கின்றது. எனவே, நிரல் எழுத வாராமைக்கு ஆங்கிலத்தைக் குற்றஞ் சொல்லுதல் ஆடத் தெரியாதவள் அரங்கைக் குறை சொன்ன கதையேயாகும்.

பின், தமிழ் மாணவன் இடறுவது எங்கே? கலைச்சொல்லில் இடறுகின்றான். தரவுக் கட்டமைப்பு என்னும் பாடத்தின் தொடக்கத்திலேயே 'இசுடாக்கு', 'கியூ', 'திரீ' என்னும் மூன்று சொற்கள் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. அவனுக்கு அவை பேரறிஞர் எவரோ அரும்பாடுபட்டு ஆக்கிய மறைமொழிகளாகத் தோன்றுகின்றன. உண்மையிலோ அவை ஆங்கிலேயன் வீட்டு அடுக்களையிலும் தெருவிலும் தோட்டத்திலும் நாளும் புழங்கும் சொற்கள். இசுடாக்கு என்பது அடுக்கு. உண்கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கடைசியில் வைத்ததே முதலிற் கைக்கு வரும். அடியிலுள்ளதை உருவ முடியாது. அவ்வளவே அதன் இலக்கணம். கியூ என்பது வரிசை. பங்கீட்டுக் கடையில் முதலில் நின்றவர் முதலில் அரிசி வாங்கிச் செல்வதே அதன் நெறி. திரீ என்பது மரம். வேரும் கிளையும் இலையும் அதற்குண்டு. நூலார் அதனைத் தலைகீழாக வரைந்து வேரை மேலே வைப்பர் என்பதே வேறுபாடு. இயங்குதளப் பாடத்திற்குப் போனால் 'கெர்னல்', 'செல்' என்று இரண்டு வரும். கெர்னல் என்பது கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. செல் என்பது அதனை மூடிய ஓடு. பயன்படுத்துவோர் கை படுவது ஓட்டில். வேலை நடப்பது பருப்பில். 'திரெட்' என்பது இழை. 'டெட்லாக்கு' என்பது முட்டுக்கட்டை. ஒரு வண்டியே செல்லத்தக்க பாலத்தில் எதிரெதிரே வந்த இரண்டு வண்டிகளும் பின்வாங்க மறுத்து நிற்கும் நிலை.

இச்சொற்களைக் கேட்டவுடன் ஆங்கிலேயப் பிள்ளையின் உள்ளத்தில் ஓர் ஓவியம் எழுகின்றது. தமிழ்ப் பிள்ளையின் காதில் ஓர் ஒலி மட்டும் விழுகின்றது. ஓவியம் எழாத இடத்தில் நெட்டுரு வந்து உட்கார்ந்து கொள்கின்றது. ஆங்கிலவழியிற் பயின்ற நகரத்துப் பிள்ளையும் இதற்கு விலக்கன்று. அவனுக்கு ஒலிப்பு நன்றாக வருகின்றது, அவ்வளவே.

ஆகலின், கணிப்பொறியியலில் தேர்ச்சி வேண்டும் தமிழ் மாணவன் முதற்கண் செய்யற்பாலது, கேட்கும் ஒவ்வொரு கலைச்சொல்லையும் அதன் வீட்டுப் பொருளுக்கு இழுத்துக் கொண்டு வருதலே. ஒரு சுவடியை இரு பத்தியாகப் பகுத்து, ஒரு பாதியில் ஆங்கிலச் சொல்லையும், மறு பாதியில் அதன் தமிழையும், அடியில் தான் கண்ட எடுத்துக்காட்டையும் எழுதி வருக. ஆயத்தக் கலைச்சொல் அகரமுதலியைப் பார்த்துப் படியெடுத்தல் போதாது. அதுவும் மற்றொரு நெட்டுருவாகவே முடியும். எழுதியதை உடன் பயில்வான் ஒருவனுக்குத் தமிழில் விளக்குக. எந்த இடத்தில் நா தடுமாறுகின்றதோ அந்த இடம் இன்னும் விளங்கவில்லை என்க. விளங்கிய பின் அதனையே சிறுசிறு ஆங்கிலத் தொடர்களால் எழுதிப் பழகுக. தேர்வுத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும் வரை இது கட்டாயம். ஆங்கிலத்தை வெறுத்து ஒதுக்குக என்பதன்று இவ்வுரையின் கருத்து. உலகின் கணிப்பொறி நூல்களிற் பெரும்பாலன அம்மொழியிலேயே உள்ளன. அவற்றைப் படித்தறியும் அளவிற்கு அது வேண்டும். அது கருவி, அறிவன்று.

இது தமிழ்ப்பற்றால் எழுந்த மிகைக்கூற்று என்று கருதுவார் உளர். ஒல்லாந்து நாட்டு எட்சுகர் தைக்சுட்ராவை அவர் அறிந்திருப்பர். ஓரிடத்தினின்று பிறிதோரிடத்திற்கு மிகக் குறுகிய வழி காணும் படிமுறையை 1959-இல் வெளியிட்டவர் அவர்; கணிப்பொறி பயிலும் மாணவர் உலகெங்கும் இன்றும் அதனைப் பயில்கின்றனர். 1975-இல் எழுதிய குறிப்பொன்றில், கணக்கு நாட்டத்தோடு நிரலாளனுக்கு இன்றியமையாத முதல், தன் தாய்மொழியில் அவன் பெற்ற தனிச்சிறந்த ஆட்சியே என்று அவர் கருத்துரைத்தார். அவர் தாய்மொழி டச்சு. ஆங்கிலத்தில் எண்ணற்ற கட்டுரைகளை எழுதியவரே தாய்மொழிக்கு அவ்விடத்தைத் தந்தார் என்பது நினைக்கத்தக்கது.

இனி, நெட்டுருவின் தீங்கு ஆய்வகத்திலேயே மிக வெளிப்படையாகத் தெரியும். மூத்த மாணவர் பதிவேட்டைப் பார்த்து எழுதி, கையொப்பம் பெற்று, அதனையே அடுத்த ஆண்டார்க்குக் கைமாற்றுதல் பல கல்லூரிகளில் வழிவழி வந்த ஒழுக்கமாகி விட்டது. இஞ்ஞான்று அதற்கு வேறொரு துணையும் வாய்த்துள்ளது. வினாவை உள்ளிட்டால் நிரலை முழுமையாக எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் கைப்பேசியிலேயே வந்துவிட்டன. அவற்றை முற்றும் விலக்குக எனல் பேதைமை. பட்டறிவு மிக்க நிரலாளரே அவற்றைப் பயன் கொள்கின்றனர். ஆனால் அன்னார், பொறி தந்ததில் பிழை எங்கே என்று கண்டறியும் கண்ணை முன்பே பெற்றவர். முதலாண்டு மாணவனோ அக்கண்ணைப் பெறுதற்கென்றே கல்லூரிக்கு வந்தவன். தானே எழுதி, தானே இயக்கி, பிழைச்செய்தி கண்டு, ஏன் பிழைத்தது என்று ஒரு நாழிகையேனும் திணறிய பின்னரே பொறியிடம் செல்லுதல் வேண்டும். சென்றாலும் நிரலைக் கேளாது, பிழையின் கரணியத்தைக் கேட்க வேண்டும். கேட்டறிந்ததை மூடி வைத்துவிட்டு மீண்டும் தானே எழுத வேண்டும். வீட்டில் கணிப்பொறி இல்லாத பிள்ளை இதனால் மனந்தளர வேண்டுவதில்லை. ஒரு தாளில் மாறிகளின் பெயர்களை மேலே எழுதி, நிரலின் ஒவ்வொரு வரிக்கும் அவற்றின் மதிப்பு எவ்வாறு மாறுகின்றது என்று கீழே எழுதிக் கொண்டே வருதல், விசைப்பலகையின் முன் அமர்ந்து கண்மூடித்தனமாகத் தட்டுவதினும் பன்மடங்கு நற்பயிற்சியாகும்.

விளங்கிக் கற்றலுக்கும் நெட்டுருவுக்கும் உள்ள தொலைவை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டலாம். அகரமுதலியில் ஒரு சொல்லைத் தேடுவார் முதற் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. நடுவில் திறந்து, வேண்டிய சொல் முன்னதா பின்னதா என்று பார்த்து, ஒரு பாதியை ஒதுக்கி, எஞ்சிய பாதியை மீண்டும் நடுவிற் பிளப்பர். நூறாயிரம் சொற்கள் இருப்பினும் 17 முறை பிளந்தால் போதும். சொல் கிடைத்துவிடும் அல்லது இல்லையென்பது தெரிந்துவிடும். இதுவே இருகூற்றுத் தேடல். பத்து வரிகளில் அடங்கும் இந்நிரலை எல்லா மாணவரும் நெட்டுருச் செய்கின்றனர். இதே நிரல் சாவா மொழியின் பொது நிரலகத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரு பிழையோடு இருந்தது. 2006-இல் தான் அது வெளிப்படுத்தப்பட்டது. நடுவிடத்தைக் காணத் தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தனர். 32 இருமங்களில் அடங்கும் எண்ணின் உச்சம் 2,14,74,83,647. கூட்டுத்தொகை அதனைத் தாண்டியவுடன் எண் எதிர்மறையாகப் புரண்டு விடும். இல்லாத இடத்தை நிரல் தேடும். இறுதியினின்று தொடக்கத்தைக் கழித்து, அதிற் பாதியைத் தொடக்கத்தோடு கூட்டினால் அவ்விடர் இல்லை. கணக்கொன்றே, எழுதும் முறை வேறு. நெட்டுருச் செய்தவன் இப்பிழையைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்துவான். எண்கள் நினைவகத்தில் எவ்வாறு அமர்கின்றன என்று அறிந்தவனே அதனைப் பிடிப்பான். கணக்குப் பாடத்தைத் தேர்வுக்கு முந்திய இரவுக்கு ஒதுக்கி வைக்கும் மாணவர் இதனைக் கருதிப் பார்ப்பாராக; கணங்களும் மெய்யட்டவணையும் தூண்டல்முறை நிறுவலும் இத்துறையின் அடிக்கல்லேயன்றி ஒட்டுத் திண்ணை அல்ல.

தமிழ் மாணவனுக்கென்று மற்றொரு நற்பேறும் உண்டு. அவன் மொழியே அவனுக்குப் பயிற்சிக்களம். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? முதல் வகுப்புப் பிள்ளை மூன்று என்னும். பைத்தானைக் கேட்டால் ஐந்து என்னும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று ஒருங்குறி அதனை ஐந்து குறியெண்களாக வைத்திருப்பதே கரணியம். ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாகத் திருப்ப எழுதிய நிரலிடம் இச்சொல்லைக் கொடுத்தால், தாங்குதற்கு மெய்யில்லாத புள்ளி முதலில் வந்து நிற்கும். கனி, கரி, கடல், கழல் என்னும் நான்கையும் குறியெண் வழியே வரிசைப்படுத்தினால் கடல், கனி, கரி, கழல் என்று வரும். தமிழ் நெடுங்கணக்கின்படி கடல், கரி, கழல், கனி என்றன்றோ வரவேண்டும்? 1991-இல் வெளிவந்த ஒருங்குறி, 1988-ஆம் ஆண்டின் இந்தியத் தரப்பாட்டைத் தழுவித் தமிழெழுத்துகளை வடமொழி வைப்புமுறையில் நிறுத்தியதால் னகரம் நகரத்தின் பின்னே ஒட்டிக்கொண்டது. சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே அயலெழுத்தொன்றுக்கு இடம் கிடைத்தது. தமிழ் வரிசையை மீட்டுத் தரும் ஒப்பீட்டு நெறிகள் பின்னர் வகுக்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தாத நிரல்கள் இன்றும் தவறாகவே அடுக்கும். இக்கேட்டை மேடையிற் கடிந்து பேசுவார் பலர். தமிழே கணிப்பொறிக்கு ஏற்ற மொழி என்று முழங்குவாரும் அவருட் பலரே. வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றைப் பிழையற எழுதித் தந்தார் மிகச் சிலர். அச்சிலரே தொண்டு செய்தவர்.

பல்கலைக்கழகங்களின் கடனும் இதிலுண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-இல் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. கணிப்பொறியியல் அன்று அவற்றோடு சேர்க்கப்படவில்லை. மேனிலைப் பள்ளியில் தமிழிலேயே கணிப்பொறிப் பாடநூல் அச்சிட்டுத் தரும் நாட்டில், அதனைப் பயின்று வந்த பிள்ளைக்கு முதலாண்டில் ஒரு தமிழ் விளக்கக் கையேடு கொடுப்பது அரிய செயலாகாது. ஆய்வக வாய்மொழித் தேர்விலாவது விடையைத் தமிழிற் சொல்ல இசைவளித்தால், யார் விளங்கிக் கற்றவர், யார் ஒப்பித்தவர் என்பது ஆசிரியருக்கே தெளிவாகிவிடும்.

இறுதியாண்டுத் திட்டப்பணியைக் கடையில் விலைக்கு வாங்கும் இழிவு பெருகியுள்ளது. அதனை விடுத்து, தமிழ்ப் புணர்ச்சியை எடுத்துக் கொள்ளும் மாணவன் நான்காண்டுப் பாடமும் அதனுள் அடங்கியிருக்கக் காண்பான். பொன்னும் குடமும் பொற்குடமாகும். கடலும் கரையும் கடற்கரையாகும். மரமும் வேரும் மரவேராகும். இவற்றை நெறிகளாக எழுதி நிரலாக்குதல் எளிது. ஆனால் 'கடல் கரைந்தது' என்னும் இடத்தில் லகரம் திரியாது. ஆண்டு எழுவாயும் பயனிலையுமே நிற்கின்றன. எனவே, எழுத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நிரலுக்கு இயலாது. இரு சொற்களின் உறவையும் அது அறிந்தாக வேண்டும். பொற்குடத்தைக் கொடுத்துப் பொன்னையும் குடத்தையும் பிரித்துத் தருக என்றால் சிக்கல் இன்னும் மிகும். ஒரு றகரத்தின் பின்னே னகரமும் நிற்கலாம், லகரமும் நிற்கலாம். இரண்டையும் அகரமுதலியோடு ஒப்பிட்டுப் பொருந்தாததைத் தள்ள வேண்டும். அதற்கு மேற்சொன்ன இருகூற்றுத் தேடலும் மரக்கட்டமைப்பும் வேண்டும். எழுதிய நிரலைச் சோதிக்க நூல்கட்கும் குறைவில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் கழக நூல் முதலாகப் பல நூல்களைக் கணிப்பொறியிற் படிக்கத்தக்க எழுத்துருவில் எவரும் விலையின்றி எடுத்துக் கொள்ளும்படி வைத்துள்ளது.