இரைச்சலை அழிக்காதீர்கள், அளந்து பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் ஹார்ட் டிஸ்க்கில் கண்ட பைல்களையும் நிரப்புகிறோம். இடம் போதாமல் போனால் யோசிக்காமல் டெலீட் செய்கிறோம். டேட்டா எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோமே தவிர, அதன் தரம் என்ன என்று பார்ப்பதில்லை. இந்த விஷயத்தில் நில நடுக்கப் பதிவு நிலையங்களிடம் நாம் பாடம் கற்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த நிலையங்களில் உள்ள சீஸ்மோமீட்டர் தரையின் அசைவை எண்களாக மாற்றித் தருகிறது. நொடிக்கு 100 முறை அளந்தால், ஒரு சேனலில் மட்டும் ஒரு நாளைக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் எண்கள் சேரும். ஆனால் இவற்றில் பெரும்பகுதி நில நடுக்கம் அல்ல. லாரி போவது, காற்றில் மரம் ஆடுவது, எங்கோ கடல் அலை எழுவது என எல்லாமே பதிவாகும். இதுதான் இரைச்சல். இது அதிகமானால் சிறிய நடுக்கங்கள் அதில் மறைந்துவிடும்.

சரி, எவ்வளவு இரைச்சல் இருக்கலாம்? அமெரிக்க புவியியல் ஆய்வு மையத்தின் ஜான் பீட்டர்சன், உலகெங்கும் 75 நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்து 1993ல் இரண்டு கோடுகளை வரைந்து தந்தார். ஒன்று அதிக இரைச்சலுக்கு, மற்றொன்று குறைந்த இரைச்சலுக்கு. ஒரு நிலையம் மேல் கோட்டைத் தாண்டினால் இடம் சரியில்லை எனலாம். கீழ்க் கோட்டுக்கும் கீழே போனால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். கருவியே வேலை செய்யாமல் இருக்கலாம்!

2004ல் மெக்னமாரா, புலாண்ட் என்ற இருவர் இன்னொரு வழியைக் கொண்டு வந்தனர். பதிவை ஒரு மணி நேரத் துண்டுகளாக்கி, எந்த அளவு இரைச்சல் எத்தனை முறை வருகிறது என்று கம்ப்யூட்டரையே கணக்கிட வைத்தனர். நில நடுக்கம், கருவிக் கோளாறு என எதையும் முன்கூட்டியே நீக்கத் தேவையில்லை. அபூர்வமாக வருபவை படத்தில் தனியாகத் தெரிந்துவிடும்.

சுத்தமான டேட்டாவை மட்டும் வைத்துக் கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2020ல் கொரோனா ஊரடங்கின்போது 268 நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மனித நடமாட்டத்தால் எழும் இரைச்சல் 50 சதவீதம் வரை குறைந்திருந்தது. வெறும் இரைச்சல்தானே என்று பழைய பதிவுகளை அழித்திருந்தால், இதை எதனுடன் ஒப்பிட்டிருப்பார்கள்?

ஆகவே ஒவ்வொரு நிலையமும் டேட்டாவுடன் தரச் சான்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும். எத்தனை இடைவெளிகள், இரைச்சல் எவ்வளவு, கடிகாரம் சரியா என எல்லாம் அதில் இருக்க வேண்டும். நில நடுக்கத்தின் முதல் அலை நொடிக்கு ஏறக்குறைய 6 கிலோ மீட்டர் ஓடும். கடிகாரம் ஒரு நொடி தவறினால் தூரக் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள்.

இன்று ராஸ்பெரி ஷேக் போன்ற சிறிய கருவிகளை வீட்டிலேயே வைக்க முடிகிறது. நீங்களும் வாங்கினால் மாடியில் வைக்காதீர்கள். தரைத் தளத்தில், கிரைண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் தள்ளி வையுங்கள். முதல் வாரம் நில நடுக்கத்தைத் தேட வேண்டாம். உங்கள் வீட்டின் பகல் இரைச்சலையும் இரவு இரைச்சலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது தெரிந்த பிறகுதான் கருவி காட்டும் மற்றவற்றை நம்பலாம்.