முட்டைக்கு நாங்கள் காவல், மடிக்கு யார்?

தமிழ்நாட்டின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

தை பிறந்தால் சென்னைக் கரையில் எங்களுக்கு ஆமை முட்டை தேடும் ராவேலை தொடங்கிவிடும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடை. சென்னைப் பாம்புப் பண்ணைக்காரர்கள் 1970களில் தொடங்கிய இந்த நடையை, 1988 வாக்கில் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை விடவில்லை. உங்கள் துறையும் கரையோரம் பொரிப்பகங்கள் நடத்துகிறது. இந்த ஏற்பாட்டில் யார் யாரை எங்கே வைத்திருக்கிறோம் என்பது பற்றித்தான் இந்த மடல்.

வார இறுதியில் ஆமை பார்க்க வருகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் பத்துப் பேராவது மறுநாள் தங்கள் குடியிருப்பின் கடல் பக்க விளக்கை அணைக்கச் சொல்லிச் சண்டை போடுவார்கள். ஆனால் அவர்களை வைத்துக் கூடு எடுக்க முடியாது. பங்குனி ஆமை ஏறி இறங்கிய தடத்தில் மணல் கலைந்த இடத்தைக் கண்டுபிடித்து, குச்சியால் மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடி தளர்ந்து குச்சி உள்ளே இறங்கும். கொஞ்சம் அழுத்தினாலும் முட்டை உடையும். பிறகு கையால்தான் தோண்ட வேண்டும். நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். அதை விடியுமுன் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், வாய் குறுகி அடி அகன்ற குழியில், தாய் தோண்டிய அதே ஆழத்தில் வைத்து மூட வேண்டும். 45 நாளோ, வெயில் குறைந்தால் 60 நாளோ காவல். சூடு கூடினால் பெண் குஞ்சுகளே மிகும் என்பதால் நிழல் பந்தலுக்கும் கணக்கு உண்டு. ஒரு பருவத்தில் வந்துவிடுகிற பழக்கமல்ல இது.

இந்தப் பழக்கம் கைவந்தவர்களில் பலர் மீனவக் குப்பத்து ஆட்கள். பருவத்துக்குக் கூலி, பங்குனி கழிந்தால் அதுவும் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தால் செத்த ஆமை எந்த ஊரில் ஒதுங்கும், எந்தப் படகு விளக்கு வரிசை இரவில் கரைக்கு மிக நெருங்கி வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். கூலியாட்களாக வைத்திருப்பதால் யாரும் கேட்பதில்லை.

கேட்டிருக்க வேண்டிய நேரம் 2025 சனவரி. சென்னையிலும் அதன் தெற்கே நெடுகிலும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. ஆமைக்கு நுரையீரல்தான். இழுவை மடி வலைக்குள் சிக்கி மேலே வந்து மூச்சு வாங்க முடியாவிட்டால் செத்துப்போகும். 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மடியில் மாட்டிய ஆமை தப்பித்து வெளியேறக் கம்பிச் சட்டம் வைத்த கருவியும் இருக்கிறது. மீனும் சேர்ந்து போய்விடுகிறது என்பது படகுக்காரர்களின் புகார். அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். 61 நாள் தடைக்காலமோ ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது, அதற்குள் ஆமைப் பருவம் ஏறக்குறைய முடிந்துவிடும்.

முட்டையும் பிணமும் உங்கள் துறைக்கு, மடி மீன்வளத் துறைக்கு என்று பாகம் பிரிந்து கிடக்கிறது. செத்த ஆமை எந்த இடத்தில், எந்தத் தேதியில், ஆணா பெண்ணா, ஓட்டின் நீளம் என்ன என்று தன்னார்வலர்கள் எழுதுகிற குறிப்பேடு, மடியைக் கண்காணிக்கிறவர் மேசைக்கு அன்றன்றே போய்ச் சேர்ந்தால் மறுநாள் ரோந்துப் படகு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். பருவம் முடிந்து தொகுத்த அறிக்கையால் அது ஆகாது.

ஆகவே என் வேண்டுகோள்: குப்பத்து ஆமைக் காவலர்களுக்கு ஆண்டு முழுக்க வேலையும் அடையாள அட்டையும் கொடுங்கள், கோடையில் கரையோர விளக்குக் கணக்கெடுப்பு, மழைக்காலத்தில் கரை அரிப்பு அளவு என்று செய்ய வேலை நிறைய இருக்கிறது. குஞ்சு விடும் நாளில் புகைப்படத்துக்கு நிற்கும் பிரமுகர் வரிசையைக் கொஞ்சம் சுருக்கினாலும் நல்லது, கைப்பேசி வெளிச்சத்தில் குஞ்சுகள் திசை மாறித் தவிக்கின்றன. மீன்வளத் துறை, காசிமேட்டு விசைப்படகு உரிமையாளர்கள், மீனவப் பஞ்சாயத்தார், நடை போகிற பிள்ளைகள் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். அந்தக் கூட்டம் மார்கழிக்குள் நடக்கட்டும். தை பிறந்துவிட்டால் அவர்கள் கடலில் இருப்பார்கள், நாங்கள் கரையில் இருப்போம்.

இப்படிக்கு,
ஆமை நடைத் தன்னார்வலர் ஒருவர்