பேயைக் கேட்டீர்; பிணத்தைக் கேட்டீரா?

ஆவி, காதல், மர்மம் ஆகிய மூன்றையும் ஓர் அட்டைக்குள் அடைத்து விற்கும் நவீனங்களுக்கு இந்நாளில் நல்ல கிராக்கி. அட்டையிலே வெண்ணிறச் சேலை, அவிழ்ந்த கூந்தல், பின்னே பாழடைந்த பங்களா, மேலே பாதி மறைந்த நிலா. உள்ளே புரட்டினால் முன்னுரை முழங்குகிறது: பல மாத ஆராய்ச்சிக்குப் பின் எழுதப்பட்டது, உண்மைச் சம்பவத்தைத் தழுவியது!

ஆராய்ச்சி! அந்தச் சொல்லுக்கு நான் தலைவணங்குபவன். ஆகவே ஆவலோடு பார்க்கிறேன், ஆராயப் புறப்பட்டவர் எங்கெங்கே சென்றார் என்று. கோடாங்கியிடம் சென்றிருக்கிறார்; உடுக்கை அடிக்கும் முறையைக் குறித்துக்கொண்டிருக்கிறார். மாந்திரீகரைக் கண்டு, எலுமிச்சம்பழத்தை எந்தத் திசை பார்த்து அறுப்பது என்று கேட்டிருக்கிறார். வெற்றிலையிலே மை தடவிப் பார்ப்பவரிடம் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். நள்ளிரவில் சுடுகாட்டு மதிலோரம் நின்று, நாய் எத்தனை முறை ஊளையிட்டது என்றுகூட எண்ணியிருக்கிறார். எல்லாம் கேட்டவர், ஒன்றை மட்டும் கேட்கவில்லை: அந்தப் பெண் எப்படிச் செத்தாள்?

மர்ம நவீனம் என்பது யாது? ஒரு சாவு, அதற்குக் காரணமான ஒரு கை, அந்தக் கையை மறைக்கும் ஒரு திரை, திரையை விலக்கும் ஓர் அறிவு. இவ்வளவுதானே! ஆவி நவீனத்திலும் சாவு இருக்கிறது. சாகாமல் எவளும் ஆவியாக முடியாதே! ஆனால், கையைத் தேட வேண்டிய அறிவுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, திரையைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கொலையுண்டவள் கூந்தலை விரித்துக்கொண்டு வருகிறாள். குற்றவாளியின் கழுத்தை நெரிக்கிறாள். நீதி வழங்கப்பட்டதாம், நவீனம் முற்றிற்றாம். வழக்கில்லை, சாட்சியில்லை, தீர்ப்பில்லை. செத்தவளே போலீசு, செத்தவளே நீதிபதி, செத்தவளே தூக்கிலிடுபவள்! உயிரோடிருக்கும் நமக்கு ஒரு வேலையும் வைக்காத நீதி! கொலைகாரனுக்கு இதைவிட வசதியான நீதி வேறு ஏது? ஆவி வராத ஊரில் அவன் அயர்ந்து தூங்கலாம். ஆவி எந்த ஊருக்கும் வருவதில்லை.

அந்த ஆவியின் இலட்சணத்தையும் சற்றுப் பாருங்கள். வயது இருபதைத் தாண்டாது. அழகுக்குக் குறைவில்லை. மல்லிகை மணக்கும், கால் சலங்கை ஒலிக்கும். என்ன சாதி என்று கேட்டால் ஆசிரியரிடம் பதிலில்லை. பங்களாவுக்கு மட்டும் ஜமீன் பட்டம் மறவாமல் உண்டு! நகரத்திலிருந்து மடிக்கணினியோடு வரும் கதாநாயகன் இவளைக் காதலிக்கிறான். வாசகர் கண் கலங்குகிறார். உயிரோடிருந்த காலத்தில் இவள் காதலித்தபோது ஊரே கூடித் தடுத்ததே, அப்போது கலங்காத கண்! செத்தவளைக் காதலிப்பதில் சிக்கலே இல்லை. அவள் வீட்டில் கை நனைக்க வேண்டாம்; சொத்திலே பங்கு தர வேண்டாம்; அவள் உறவினரைத் திண்ணையில் உட்கார வைக்க வேண்டாம். சாதி மறுப்புத் திருமணத்துக்கு அஞ்சும் எழுதுகோலுக்கு ஆவிக் காதல் எவ்வளவு அடக்கமான புகலிடம்!

இன்று முளைத்த நோயல்ல இது. பழையனூர் நீலியை நினைத்துப் பாருங்கள். கதைக்கு வடிவங்கள் பல. நடுவே உள்ள செய்தி ஒன்று. நம்பி உடன் வந்த மனைவியைக் கணவன் திருவாலங்காட்டருகே கொன்றுவிடுகிறான். அவள் நீலியாகிறாள். மறுபிறவியில் வணிகனாக வந்தவனைத் தேடிப் பிடித்து, ஊரார் முன்னே, "இவன் என் கணவன்" என்று அழுகிறாள். அவனுக்குத் தீங்கு நேராது என்று வாக்களித்த வேளாளர் எழுபது பேர், தீங்கு நேர்ந்ததும் வாக்குக்காகத் தீப்பாய்கின்றனர். எழுபதின்மரின் வாய்மையைப் போற்றினோம், சரி. கொலையுண்டவளின் அழுகைக்கு நாம் கொடுத்த பெயர் என்ன? நீலிக் கண்ணீர்! பொய்யாக அழுபவரை எல்லாம் அவள் பெயரால் பழிக்கிறோம். அவளைக் கொன்றவன் பெயரால் ஒரு பழிச்சொல்லாவது நம் மொழியிலே உண்டா? ஆராய்ச்சி என்றால், எழுத்தாளரே, இங்கே தொடங்கியிருக்க வேண்டாமா?

முத்துப்பட்டன் கதையும் அத்தகையதே. அந்தணர் குலத்தவன்; சக்கிலியர் குலப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் காதலித்து மணந்தான்; செருப்புத் தைக்கவும் துணிந்தான்; மாடு கவர்ந்தவரோடு போரிட்டு மாண்டு தெய்வமானான். காதலும் உண்டு, சாவும் உண்டு, இறந்தவர் மீண்டு நிற்கும் நம்பிக்கையும் உண்டு. மர்மம் எங்கே என்கிறீரா? நா. வானமாமலை பதிப்பித்த வில்லுப்பாட்டை எடுத்துப் பாருங்கள். அந்தப் பெண்கள் பிறப்பிலே பார்ப்பனக் குழந்தைகள்தாம், காட்டிலே கண்டெடுக்கப்பட்டவர்கள் என்று பிற்காலத்தார் ஒட்டுப்போட்டுப் பாடிய வடிவம் ஒன்று உண்டு. யார் ஒட்டினார்? எதற்காக ஒட்டினார்? துப்பறிவாளனுக்கு இதைவிட நல்ல தடயம் எந்தப் பாழ்மண்டபத்தில் கிடைக்கும்!

திரையுலகிலே ஒருவர் ஓரளவு துணிந்தார். 1963ல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை' மறுபிறவிக் கதைதான். மறுபிறவியை நான் ஒப்பவில்லை. எனினும், ஜமீன்தார் மகனும் ஏழைப்பெண்ணும் கொண்ட காதலை அழித்தது யார் என்பதை அவர் மூடி மறைக்கவில்லை. ஜமீன்தாரை நேர் நிறுத்திக் காட்டினார். இன்றைய நவீனத்திலே ஜமீன்தார் சுவரிலே படமாகத் தொங்குகிறார், அவ்வளவே.

அந்தக் காலம் போயிற்று என்பீர்களோ? 2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை, பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகல். சாதி கடந்து மணந்த இளைஞரை அரிவாள்கள் வெட்டிச் சாய்த்ததைக் கண்காணிப்புக் கேமரா பதிந்தது, நாடே பார்த்தது. வெட்டுப்பட்டும் உயிர் தப்பிய இளம் மனைவி என்ன செய்தார்? வெண்சேலை உடுத்தி அலைந்தாரா? நீதிமன்றப் படியேறிச் சாட்சி சொன்னார். காதலும் மரணமும் கலந்த கதை வேண்டுவோர் இதனினும் கடியதொன்றைக் கற்பனையால் படைத்துவிட முடியுமா?

"கற்பனைக்கு வேலி போடுகிறாயா?" என்று சினந்து கேட்பார் சிலர். இல்லை ஐயா. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிலே பேய்கள் கூத்தாடுகின்றன, பசியால் துடிக்கின்றன, போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து உண்கின்றன. அதைப் படித்துவிட்டு எவரும் பூசாரியிடம் ஓடியதில்லை. பேய் அங்கே கவிஞனின் கருவி. போரின் கோரத்தைக் காட்ட வந்த கண்ணாடி. "உண்மைச் சம்பவம்" என்று அவர் விளம்பரம் ஒட்டவில்லை. என் வழக்கு அந்த விளம்பரத்தோடுதான்.

அந்த விளம்பரத்துக்கும் ஒரு வயது உண்டு. ஆவி நவீனங்களின் தாய் என்று ஆங்கிலேயர் கூறும் 'ஒட்ரான்டோ கோட்டை' 1764ல் வெளிவந்தபோது, பழைய இத்தாலிய ஏடு ஒன்றின் மொழிபெயர்ப்பு என்றே உலகை நம்பவைத்தார் ஹொரேஸ் வால்போல். நூல் விற்றது. அடுத்த ஆண்டிலேயே, இரண்டாம் பதிப்பில், எழுதியவன் நானே என்று ஒப்புக்கொண்டார். முப்பதாண்டு கழித்து, 1794ல், 'உடால்ஃபோ மர்மங்கள்' எழுதிய ஆன் ராட்கிளிஃப் அம்மையார் இன்னும் மேலே சென்றார். வாசகரை அஞ்சவைப்பார், அலறவைப்பார். இறுதியில், கறுப்புத் திரைக்குப் பின்னே இருந்தது வெறும் மெழுகுப் பதுமை என்று விளக்கியும் விடுவார். அச்சமும் குறையவில்லை, அறிவும் குன்றவில்லை.

கோனன் டாயில் கதையோ வேடிக்கையும் வேதனையும் கலந்தது. 1901ல் தொடராகத் தொடங்கிய 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' என்ன சொல்கிறது? குடும்பத்தையே துரத்தும் பேய்நாய் என ஊர் நடுங்குகிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் வந்து பார்க்கிறார். நாய் மெய்நாய், அதன் வாயில் ஒளிர்ந்தது பூசிய பாஸ்பரம், ஏவியவன் சொத்துக்கு ஆசைப்பட்ட உறவினன்! பேய்க்குப் பின்னே இருந்தது பண்ணை வீட்டின் உரிமை. இவ்வளவு தெளிவாக எழுதிய கை, பின்னாளில் என்ன செய்தது? ஆவியுலக நம்பிக்கையில் ஆழ்ந்து, 1918ல் மகனையும் பறிகொடுத்த டாயில், காட்டிங்லி என்ற சிற்றூரில் 1917ல் சிறுமியர் இருவர் எடுக்கத் தொடங்கிய தேவதைப் படங்களை மெய்யென்று நம்பி, 1922ல் நூலே எழுதினார். தேவதைகள் காகிதத்தில் வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தப்பட்டவை. படம் எடுத்தவர்கள் பாட்டிகளான பின், 1983ல், அதை ஒப்புக்கொண்டனர். துயருற்ற தந்தையை நான் எள்ளமாட்டேன். ஆனால், துயரம் அற்றவர்கள், விற்பனைக்காக அதே ஊசியைக் குத்தி நிறுத்தும்போது எப்படிப் பொறுப்பது?

"பொழுதுபோக்குத்தானே, யாருக்கு என்ன கேடு?" என்கிறார்கள். 2001 ஆகஸ்டு 6, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. பேய் பிடித்தது, பில்லி சூனியம் என்று நம்பி உறவினர் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகள், தனியார் நடத்திய காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடந்தனர். விடியுமுன் தீப்பிடித்தது. ஓட முடியாமல் கருகி மாண்டவர் 28 பேர். மருத்துவரிடம் போக வேண்டியவர்கள் அங்கே வந்து சேர்ந்தது எதனால்? தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட கதையால். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் விதித்த பின்னரும், வேப்பிலையும் பிரம்பும் ஓயவில்லை. தலைமயிரைப் பற்றி, "யார் நீ, சொல்லடி!" என்று அடிக்கும் காட்சியைச் சுவையாக வருணிக்கிறாரே நம் ஆசிரியர், அந்த அடி ஆவிக்கா விழுகிறது? மாமியார் கொடுமையால் வாய் திறக்க முடியாமல், மயக்கத்தின் பெயரால் வாய் திறந்த மருமகளின் முதுகிலன்றோ விழுகிறது!

அச்சமூட்டும் பொருள் வேண்டுமா? அறிவியலிடம் அள்ளக் குறையாமல் இருக்கிறது. இங்கிலாந்தின் கவன்ட்ரியில் விக் டேண்டி என்ற பொறியாளர், தம் ஆய்வுக்கூடத்தில் இரவு வேளையில் உடல் சில்லிடுவதையும் கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்று தோன்றுவதையும் உணர்ந்தார். மறுநாள், பிடிப்பானில் மாட்டிய வாள் தானாக அதிரக் கண்டார். ஓடவில்லை, அளந்தார். புதிதாக வைத்த காற்றாடி ஒன்று நொடிக்குச் சுமார் 19 அதிர்வு எழுப்பியது. காதுக்கு எட்டாத ஒலி. காற்றாடியைத் திருத்தியதும் ஆவி அகன்றது! 1998ல் கட்டுரையாக வெளியிட்டார். அதற்கும் முன்னே, 1921ல், வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். காலடியோசை, விசித்திர உருவங்கள், மூச்சுத் திணறல், சோர்வு. காரணம் பழுதான உலையடுப்பு கக்கிய கார்பன் மோனாக்சைடு. அடுப்பைப் பழுது பார்த்தனர், பேய் போயிற்று. நம் ஊர் அமுக்குவான் பேயோ, விழித்த மூளைக்கும் இன்னும் உறங்கும் தசைக்கும் இடையே சில கணம் நேரும் பிணக்கு.

இவற்றையெல்லாம் நேரிலே ஆராய்ந்தவர் ஒருவர் நம் அண்டையிலேயே வாழ்ந்தார். திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர். பேய் வீடு என்றால் அங்கே போய் உட்கார்ந்து, வீட்டார் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுவார். கல் எறிந்த கை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மனம் நொந்த ஒருவருடைய கை. மோசடிக்கு இடமில்லாத சூழலில் அமானுட ஆற்றலைக் காட்டுவோருக்கு இலட்சம் ரூபாய் என்று 1963ல் அறைகூவினார்; 1978ல் அவர் மறையும்வரை எவரும் பெறவில்லை. அவருடைய குறிப்பேட்டிலிருந்து மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' 1972லும், தமிழில் 'மறுபிறவி' 1973லும் திரைப்படமாயின. பேயை மறுத்தவரின் ஏடு படமாக ஓடியது. பேயை ஏற்றால்தான் கதை ஓடும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

ஆகவே, ஆவிக் காதல் மர்மம் எழுதவிருக்கும் இளைஞரே, எழுதுங்கள், தடுப்பார் இல்லை. உடுக்கைச் சத்தத்தை விட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள். அந்தப் பங்களாவுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பேய் நடமாடுகிறது என்ற வதந்தி கிளம்பிய பின், அது யார் கைக்கு, என்ன விலைக்குப் போயிற்று என்று பாருங்கள். இறப்புப் பதிவேட்டைப் புரட்டுங்கள். மணமாகி ஏழாண்டுக்குள் மர்மமாக இறந்த பெண்ணென்றால் ஆர்.டி.ஓ. விசாரணை நடந்திருக்க வேண்டும்; நடந்ததா? வரதட்சணைச் சாவு தனிக் குற்றமாக 1986ல் சட்டமேறியதே, அந்தப் பிரிவில் வழக்குப் பதிந்தார்களா, அல்லது வயிற்றுவலி என்று எழுதி முடித்தார்களா? அவளோடு பள்ளியில் படித்தவள் எங்கேனும் உயிரோடு இருப்பாள், போய்ப் பேசுங்கள். அவ்வளவும் முடிந்த பிறகு முன்னுரையிலே உண்மைச் சம்பவம் என்று போடுங்கள். அதன் கீழே ஊரையும், ஆண்டையும், எந்தக் காவல் நிலையம் என்பதையும் சேர்த்தே போடுங்கள்.