தண்ணீர் வைக்கும் தேர்வு

1963ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இலண்டனில் நடைபெற்ற படகுக் கண்காட்சியில், சிவப்பு நிறப் பாய் கட்டிய சிறிய மரப்படகு ஒன்று மக்களின் கவனத்தை ஈர்த்தது. அதன் நீளம் ஏறத்தாழ 3.3 மீட்டர்தான். ‘டெய்லி மிரர்’ நாளிதழின் ஆதரவுடன் வெளிவந்ததால் அதற்கு ‘மிரர்’ என்று பெயர் சூட்டப்பட்டது. படகு வடிவமைப்பாளர் ஜேக் ஹோல்ட்டும், வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் முறைகளைத் தொலைக்காட்சியில் கற்றுக்கொடுத்த பேரி பக்னலும் சேர்ந்து அதனை உருவாக்கினர். அளவாக வெட்டப்பட்ட பலகைகள் ஒரு தொகுப்பாக விற்கப்பட்டன. அவற்றைப் படகாக்க வேண்டியது வாங்கியவரின் பொறுப்பு. கார் நிறுத்துமிடத்திலும் வரவேற்பறையிலும்கூட மிரர் படகுகள் உருவாயின. பல நாடுகளில் இதுவரை 70,000க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பல, தச்சுத் தொழிலே அறியாதவர்களின் கைகளில் உருவானவை.

இன்று பெரும்பாலான பொருள்கள் விரலால் தொட்ட மறுநாளே வாசலுக்கு வந்துவிடுகின்றன. அப்படியிருக்க, ஒரு சிறிய பாய்மரப் படகைப் பல மாதங்கள் செலவிட்டு வீட்டில் கட்டுவது அறிவுடைய செயலா? ‘ஆம்’ என்பதே சரியான விடை. ஆனால், அதற்குப் பலரும் சொல்லும் காரணம் சரியன்று.

முதலில், கட்டும் முறையை அறிந்துகொள்ளல் வேண்டும். பழைய முறையில் படகு கட்ட, மரச்சட்டங்களை வளைத்து எலும்புக்கூடுபோல் நிறுத்தி, அதன்மேல் பலகைகளைப் பொருத்த வேண்டும். அதற்குப் பல்லாண்டுப் பயிற்சி தேவை. மிரர் படகோ ‘தைத்து ஒட்டும்’ முறையில் அமைந்தது. ‘பிளைவுட்’ எனப்படும் மெல்லிய ஒட்டுப்பலகைகளின் விளிம்புகளில் சிறு துளைகள் இடப்படும். பிறகு, செப்புக் கம்பியால் துணி தைப்பதைப்போல் அவை இணைக்கப்படும். தட்டையாக இருந்த பலகைகள் விரிக்கப்படும்போது தாமாகவே வளைந்து படகின் வடிவத்தைப் பெறும். இணைப்புகளின்மேல் கண்ணாடி இழை நாடாவை வைத்துப் பிசின் பூசினால் அவை உறுதியாகிவிடும். பக்கங்களில் காற்றறைகள் இருப்பதால், கவிழ்ந்தாலும் படகு மூழ்காது.

பலகையைத் தைப்பது புதிய எண்ணமன்று. தமிழகத்தின் சோழமண்டலக் கரையில் ஓடிய ‘மசூலா’ படகுகளின் பலகைகள் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணி அடிக்கப்படாததால் அவை கரையோர அலைகளின் அடிக்கு நெகிழ்ந்து கொடுத்தன. மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில், டுயோங் தீவைச் சேர்ந்த கைவினைஞர்கள் வரைபடம் இல்லாமலே செங்கால் மரத்தில் படகு கட்டிப் புகழ்பெற்றவர்கள். பலகைகளை மர முளைகளால் இணைத்து, இடையில் கெலாம் மரப்பட்டையை வைத்து, நீர் புகாமல் செய்வது அவர்களின் வழக்கம். இக்கலையைக் கற்றுக்கொள்ள இளையோர் முன்வராததால், இன்று அங்குத் தேர்ந்த கைவினைஞர்கள் சிலரே எஞ்சியுள்ளனர்.

‘வீட்டில் கட்டினால் பணம் மிச்சமாகும்’ என்பதே பலரும் சொல்லும் காரணம். அதை அப்படியே நம்புவது தவறு. பலகை, பிசின், பாய், கயிறு, சாயம், கருவிகள் என்று கணக்கிட்டால் செலவு கூடிக்கொண்டே போகும். நல்ல நிலையில் உள்ள பழைய படகு ஒன்று அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். மாலை நேரங்களையும் வார இறுதிகளையும் பல மாதங்களுக்கு இழக்கவும் நேரிடும். ஆகவே, கடலில் உலா வருவது மட்டுமே ஒருவரின் நோக்கம் என்றால், அவர் படகை வாங்கிக்கொள்வதே நல்லது. அதில் குறையொன்றும் இல்லை.

அப்படியானால், கட்டுவதால் கிடைக்கும் பயன் என்ன? கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நேர்மையாக வேலை செய்யும் பழக்கமே அது. படகுக்கான ஒட்டுப்பலகையும் அலமாரிக்கான ஒட்டுப்பலகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். படகுக்கான பலகையின் அடுக்குகள் நீரில் கரையாத பசையால் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே இடைவெளிகள் இரா. மலிவான பலகையைப் பயன்படுத்திவிட்டு மேலே அழகாகச் சாயம் பூசினால் யாருக்கும் தெரியாது. பலகையின் வெட்டுமுனையில் பிசின் பூச மறந்தாலும் அப்படித்தான். ஆனால், தண்ணீர் அந்த முனையைத் தேடிக் கண்டுபிடிக்கும். அதன் வழியே மெல்ல உள்ளே நுழையும். ஓரிரு ஆண்டுகளில் மரம் இற்றுப்போகும்.

பிசினும் இப்படிப்பட்டதே. இப்போது பெரும்பாலும் பயன்படுத்தப்படும் எப்போக்சிப் பிசினில் இரண்டு திரவங்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலக்க வேண்டும். விகிதம் பிசகினால் பிசின் சரியாக இறுகாது. மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்பமான நாடுகளில் அதிகப் பிசினை ஒரே கிண்ணத்தில் கலந்தால், பூசி முடிப்பதற்குள் அது சூடேறிக் கெட்டியாகிவிடும். ‘ஏறக்குறைய சரி’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பள்ளித் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் பெற்றால் பாராட்டு கிடைக்கும். நூறு தையல்களில் தொண்ணூறு மட்டுமே சரியாக அமைந்த படகில் யாரும் ஏறமாட்டார்கள்.

நீண்ட பயணம் செய்யும்போது இந்தப் பழக்கத்தின் மதிப்பு மேலும் கூடுகிறது. 1997ஆம் ஆண்டு, ஏ. ஜே. மெக்கினன் என்ற ஆசிரியர் பழைய மிரர் படகு ஒன்றில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் வட்டாரத்திலிருந்து புறப்பட்டார். ஆறுகளையும் கால்வாய்களையும் ஆங்கிலக் கால்வாய்க் கடலையும் கடந்து, மறு ஆண்டில் கருங்கடலை அடைந்தார். அவர் சென்றது அவரே கட்டிய படகில் அன்று. எனினும், 3.3 மீட்டர் மரப்படகு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை அவரது பயணம் காட்டியது. அத்தகைய பயணத்தில் வழியெங்கும் பட்டறைகளை எதிர்பார்க்க முடியாது. படகின் எந்தப் பகுதி எப்படி இணைக்கப்பட்டது என்பதை அறிந்தவர், உடைந்த இடத்தைக் கண்டு தாமே சரிசெய்வார். அறியாதவர் பிறரின் உதவிக்காகக் காத்திருக்க வேண்டும்.

எனினும், தன் கையால் கட்டிய படகு என்ற பெருமிதம் ஆபத்தாகவும் மாறலாம். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று பெரியோர் சொல்லியிருக்கின்றனர். 1964ஆம் ஆண்டு, ஃபிராங்க் டை என்பவர் 4.8 மீட்டர் நீளமுள்ள ‘வேஃபேரர்’ வகைப் படகில் ஸ்காட்லாந்திலிருந்து நார்வேக்குப் பயணம் செய்தார். நடுக்கடலில் கடும் புயல் தாக்கியது. படகு பலமுறை கவிழ்ந்தது, பாய்மரமும் முறிந்தது. அவரும் உடன் சென்றவரும் உயிர் தப்பியதற்கு, அவர்களின் நீண்ட அனுபவமும் தயார்நிலையுமே காரணங்கள். அத்தகைய அனுபவம் இல்லாதவர்கள் கரையை ஒட்டியும், வானிலையை அறிந்தும், உயிர்காப்பு அங்கி அணிந்தும் செல்ல வேண்டும். கட்டும்போதும் முகக்கவசம், கையுறை, காற்றோட்டமான இடம் ஆகியவை தேவை. பிசினின் ஆவியும் மரத்தூளும் உடலுக்குக் கேடு விளைவிக்கும். இளையோர் பெரியவர்களின் மேற்பார்வையின்றி இதில் இறங்கக் கூடாது.

இன்னொரு தவறும் உண்டு. உலகைச் சுற்றிவரும் கனவோடு பத்து மீட்டர் படகைக் கட்டத் தொடங்குவோர் பலர். சில ஆண்டுகளில் பணமோ ஊக்கமோ தீர்ந்துவிடும். பாதியில் நின்ற படகு கொல்லைப்புறத்தில் மழையில் நனைந்து கிடக்கும். அகலக் கால் வைத்ததன் விளைவே அது. மூன்று நான்கு மீட்டர் படகைத் தொடங்கியவர் அதை முடிக்கும் வாய்ப்பு அதிகம். அடுக்குமாடி வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் வாழ்வோர், பலகை வாங்கும் முன் வாசற்கதவின் அகலத்தை அளந்துகொள்வதும் நல்லது. முடித்த படகை வெளியே கொண்டுவர முடியாமல் தவிப்பதைவிட, அளவு நாடாவை ஒருமுறை விரித்துப் பார்ப்பது எளிது.

பள்ளிகளும் இதைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் மாணவர்கள் சிறு பெட்டிகளையும் தாங்கிகளையும் செய்கின்றனர். மதிப்பெண் இட்ட பிறகு அவற்றுள் பல மூலையில் கிடக்கின்றன. அதற்கு மாறாக, ஒரு குழுவினர் ஆசிரியரின் துணையோடு ஓராண்டில் ஒரு சிறிய படகைக் கட்டலாம். கோணம், விகிதம், மிதப்பு ஆகியவை அப்போது வெறும் சூத்திரங்களாக இரா. ஒருவர் அவசரமாக ஒட்டிய இணைப்பில் மற்றவரின் பாதுகாப்பும் அடங்கியிருப்பதால், கூட்டுப்பொறுப்பு என்பதன் பொருளும் விளங்கும். செலவையும் பாதுகாப்பையும் எண்ணித் தயங்குவோர், துடுப்பு மட்டும் கொண்ட எளிய படகிலிருந்து தொடங்கலாம்.

படகை முதன்முதலாக நீரில் இறக்கும் நாளில், கட்டியவர் பாயைப் பார்ப்பதில்லை. குனிந்து படகின் அடித்தளத்தைத் தடவிப் பார்க்கிறார். ஈரம் இருந்தால், படகைக் கரைக்கு இழுத்து, எந்தத் தையலில் தவறு நேர்ந்தது என்று தேடுகிறார். பலகையையோ கடைக்காரரையோ குறைகூறுவதால் அந்த ஓட்டை அடைபடப்போவதில்லை. தவறைக் கண்டுபிடித்து, மீண்டும் ஒட்டி, மறுபடியும் நீரில் இறக்குகிறார். விலைக்கு வாங்கிய படகும் மிதக்கும். ஆனால், இந்தப் பழக்கத்தை அது கொடுப்பதில்லை.